நெல்லிவாசல்நாட்டில் எழுதிய ஐந்து பக்கங்கள்

கலசப்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் கடை வாசலில் நின்றால் மேற்கே ஜவ்வாது மலை தெரியும். பிறந்ததிலிருந்து முப்பத்தொரு வருஷமாகப் பார்க்கிறேன். மழை வருமா வராதா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் அந்தப் பக்கம் திரும்புவேன். ஏறிப் பார்க்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கடைசியில் ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஒரு கல்லூரி விண்ணப்பம் என்னை அங்கே ஏற்றிவிட்டது.

அது இ-சேவைக் கடை. சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல் என்று ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவள் நான். என் சொந்த விண்ணப்பம் மட்டும் போன வருஷம் தோற்றுப்போனது. எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பிரிண்டர்மேல் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்து, நுழைவுத் தேர்வில் தேறிவிட்டேன். நேர்முகத்தில்தான் வாயைக் கொடுத்துக் கெட்டேன். 'மக்களுக்கு உதவவேண்டும்' என்று நான் எத்தனை தடவை சொன்னேனோ, எதிரே இருந்தவர்கள் களைத்துப்போய்த் தண்ணீர் குடித்தார்கள்.

இந்த வருஷம் புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். தன் ஊர் அல்லாத ஓர் ஊரில் மூன்று நாளாவது தங்கவேண்டும். ஐந்து பக்கத்தில் களக்குறிப்பு எழுதவேண்டும். அந்த ஊர்க்காரர் ஒருவர் சான்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். நேர்முகம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில். கையெழுத்து இல்லாதவர்கள் வரவேண்டியதில்லை.

வீட்டில் என் கணவரிடம், "இந்த வருஷமும் கிடைக்கலைன்னா மூணாவது தடவை கேக்கமாட்டேன்" என்று சொல்லியிருந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மாமியார்தான், "ஏழு வயசுப் பொண்ணு ஸ்கூலுக்குப் போவுது, அதோட அம்மா காலேஜுக்குப் போவுது. டிபன் டப்பா கட்டறது யாரு, நானா?" என்றார். கட்டுவார் என்று எனக்குத் தெரியும். கேட்பது அவருடைய உரிமை.

திருப்பத்தூரிலிருந்து மேலே போன பஸ் ஒரு வளைவில் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதற்கப்பால் ஜீப்தான். ஆள் சேர்ந்தால் கிளம்பும் என்றார் டிரைவர் தங்கராசு. எத்தனை பேர் சேரவேண்டும் என்று கேட்டேன்.

"கதவு மூட முடியலன்னா ஆள் சேந்துட்டாங்கன்னு அர்த்தம் டீச்சர்."

அந்த ஜீப்பில் கதவே இல்லை. மலையில் படித்தவள் மாதிரித் தெரிகிற பெண்கள் எல்லாரும் டீச்சர்தான் என்பதையும் அப்போதே தெரிந்துகொண்டேன். மறுத்துப் பார்த்தேன். "சரிங்க டீச்சர்" என்றார்.

பாதி ஏற்றத்தில் ஜீப் புகை விட்டது. எல்லாரும் பழகியவர்களாக இறங்கி, மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். ஜீப் ஆறியபின் வந்து ஏற்றிக்கொள்ளுமாம். கீழே எங்கள் ஊரில் பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் டிரைவரின் ஏழு தலைமுறையை இழுப்பார்கள். இங்கே ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. பக்கத்தில் நடந்த ஒரு பெண் என் பையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எந்த ஊரு? இன்னாத்துக்கு வர்றீங்க?"

"கலசப்பாக்கங்க. படிப்பு விஷயமா வர்றேன்."

"எங்க புள்ளைங்க படிக்கிறதுக்குக் கீழ போவுது. நீங்க படிக்கிறதுக்கு மேல வர்றீங்களா?" என்று சொல்லி, முன்னால் போனவர்களையும் கூப்பிட்டு அதைச் சொன்னாள். ஏற்றம் முடியும்வரை அவர்களுக்கு என்னை வைத்துச் சிரிப்பு ஓடியது.

நெல்லிவாசல்நாட்டில் நான் தங்கப்போன வீடு வெள்ளச்சியினுடையது. என்னோடு பி.காம். படித்த ஜெயந்தி அந்தப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர். அவள்தான் சொல்லிவைத்திருந்தாள். வெள்ளச்சிக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கணவர் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் போனபோது வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து, புளியம்பழ ஓட்டைத் தட்டிக் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள். "வாங்க" என்றவள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். அத்தோடு வரவேற்பு முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜீப்பில் வந்த ஒருவர் விடுதியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளச்சி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "கை பூரா புளி. நீங்க படிங்க டீச்சர்."

படித்தேன். பெற்றோர் கூட்டத் தேதியும் கொண்டுவரவேண்டிய சாமான்களும் இருந்தன. படிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் 'கண்ணாடி எடுத்துட்டு வரல, நீயே படிச்சுச் சொல்லும்மா' என்பார்கள். அவர்களிடம் கண்ணாடியே கிடையாது. படிக்கத் தெரியாததை மரியாதையாகச் சொல்லும் வழி அது. பாவம், இவளுக்குக் கண்ணாடிக்குப் பதில் புளி என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

அன்றைக்குச் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் சாப்பிட்டேன். எங்கள் பக்கம் விருந்தாளிக்கு வெள்ளைச் சோற்றைக் குவித்து, 'இன்னும் கொஞ்சம்' என்று கையைப் பிடித்துக் கொட்டுவார்கள். வெள்ளச்சி வற்புறுத்தவில்லை. பாத்திரத்தை என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுத் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். நான் மூன்று தடவை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் பின்னாலேயே நடந்தேன். மழை ஒரு தடவை பெய்திருந்ததால் சரிவுகளில் சாமைக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நெல் வயலில் டிராக்டர் நேர்கோட்டில் போகும். இங்கே மாடுகள் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போயின. மத்தியானம் ஒரு பலாப்பழத்தை அறுத்தார்கள். கையில் எண்ணெய் தடவாமல் பாய்ந்து சுளை எடுத்த எனக்கு, சாயங்காலம்வரை விரல்கள் ஒட்டிக்கொண்டே இருந்தன. கேழ்வரகுக் களியை மொச்சைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கவேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றேன்.

இருட்டுமுன் நோட்டைத் திறந்து, ஒரே மூச்சில் ஐந்து பக்கமும் எழுதி முடித்தேன். எனக்கு எழுதுவது கஷ்டமே இல்லை. அதுதானே என் பிழைப்பு. அழுத பிள்ளை பால் குடிக்கும். அழுத மனுதான் அதிகாரி மேசைக்குப் போகும். வீட்டில் ஆள் இல்லை என்றால் 'கைவிடப்பட்ட' என்று போடுவேன். சாப்பாடு எளிமையாக இருந்தால் 'பசியால் வாடும்' என்று போடுவேன். அப்படிப் போட்டுத்தான் எத்தனையோ பேருக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நோட்டை மூடும்போது எனக்கே கண் கலங்கியது. இந்தத் தடவை சீட் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் சான்றுப் படிவத்தை வெள்ளச்சியிடம் நீட்டினேன். "அக்கா, இதுல ஒரு கையெழுத்து போடணும். இல்லன்னா கைநாட்டு வெச்சாலும் போதும்."

அவள் படிவத்தை வாங்கவில்லை. "இன்னா எழுதினீங்களோ அதை வாசல்ல படிங்க. எல்லாரும் கேட்டப்புறம் போடறேன்."

"எல்லாருமா?"

"எங்க ஊரப் பத்தி எந்தப் பேப்பர் எழுதினாலும் அப்படித்தான். கொண்டாந்தவங்க சத்தமாப் படிக்கணும். எங்காளு ஒருத்தர் பின்னால நின்னு பாப்பாங்க."

எழுதியது கல்லூரிக்காரர்கள் படிப்பதற்கு. எழுதப்பட்டவர்கள் கேட்பதற்கு இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மத்தியானம் புளி தட்ட வந்தவர்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். ஆண்களும் சிலர் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்கள். நான் நின்று படிக்க ஆரம்பித்தேன். வெள்ளச்சி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். சும்மா ஒரு சடங்குக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன்.

மலை, மழை, ஏர், பலா என்று படித்தவரைக்கும் நன்றாகவே போனது. "ஆமாமா" என்றார்கள். மூன்றாம் பக்கம் வந்தது. அங்கே இருந்த வரிகளை என் வாய் சொல்ல மறுத்தது. ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். அங்கேயும் முடியாமல் இன்னும் இரண்டையும் தாண்டினேன். கடையில் ஆயிரம் விண்ணப்பம் படித்துக் காட்டிய வாய், தடுமாறாமல் ஒட்டுப் போட்டுக்கொண்டு ஓடியது.

தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் வந்து தாளின்மேல் நின்றது.

"மூணு வரி வுட்டுட்டீங்க டீச்சர்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? வெள்ளச்சி நோட்டை என் கையிலிருந்து வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி, ஒரு எழுத்தும் தடுக்காமல் படித்தாள்.

"நாகரிகத்தின் ஒளி படாத இம்மலையில், எழுத்தறிவற்ற தாயான வெள்ளச்சி, கணவனால் கைவிடப்பட்டு, ஒரு வேளைக் களிக்கும் வழியின்றித் தவிக்கிறாள்."

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு சுவரோரம் இருந்த ஒருவர், "களிக்கு வழியில்லையா? ரெண்டு நாளா மூணு வேளையும் தின்னது யாரு?" என்றார். வாசலே சிரித்தது. இன்னொருத்தி, "எழுத்து தெரியாதவ இம்மாந் தமிழ எப்படிப் படிச்சா?" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். வெள்ளச்சி மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அழுதால் அதுவும் ஒரு மனு மாதிரி ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

"நான் பத்தாவது பாஸுங்க" என்றாள் வெள்ளச்சி. "உங்களுக்கு யாரு சொன்னது எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு?"

"யாரும் சொல்லல. நானாத்தான்..."

அவள் வீட்டுக்குள் போய் வழவழப்பான ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். சில வருஷங்களுக்குமுன் யாரோ வந்து, ரோடு வருவதற்கென்று சொல்லிக் கையெழுத்தும் படமும் வாங்கிப் போனார்களாம். நன்கொடை கேட்டு அச்சடித்த அந்தப் புத்தகத்தில் அவளுடைய மகளின் படம் இருந்தது. கீழே 'தாயில்லாக் குழந்தை' என்று போட்டிருந்தது. குழந்தையின் தோளில் ஒரு கை இருந்தது. மணிக்கட்டு வரைக்கும்தான் தெரிந்தது.

"அது என் கைதான்" என்றாள். "என்னை வெட்டிட்டு கைய மட்டும் வுட்டுட்டாங்க. அன்னியிலேர்ந்துதான் எந்தப் பேப்பரா இருந்தாலும் வாசல்ல படிக்கணும்னு வெச்சோம். உங்களுக்குக் கையெழுத்து கெடையாதுங்க."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சாயங்காலம் எனக்கும் சேர்த்தே சோறு வடித்தாள். பாத்திரம் அதே கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. என்னால் ஒரு தடவைக்குமேல் எடுக்க முடியவில்லை.

ஞாயிறு காலை ஒரு ஜீப், மத்தியானம் ஒரு ஜீப். காலை ஜீப்பில் போய்விட்டால் யார் முகத்திலும் விழிக்கவேண்டாம். கல்லூரியும் போனதுதான், கணவரிடம் சொன்ன வாக்கு அப்படி. இதையெல்லாம் யோசித்துக்கொண்டே பையைக் கட்டினேன். கட்டிய பையைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. தப்பைச் செய்துவிட்டுத் திருத்தாமல் ஓடுவதற்கா இவ்வளவு தூரம் ஏறிவந்தேன்? பையை மூலையில் தள்ளிவிட்டு, விடிந்ததும் வாசலுக்குப் போய்ப் புளிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"அக்கா, மத்தியான ஜீப் வரைக்கும் நேரம் இருக்கு. நான் மறுபடி எழுதறேன். கேக்க வேண்டியதக் கேக்கட்டுமா?"

வெள்ளச்சி தட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள். "வாய் இருக்குது இல்ல? கேளுங்க."

கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாமே முதல் நாளே கேட்டிருக்கக்கூடிய கேள்விகள். கணவர் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்வார். சிக்னலுக்காக அவள் மேட்டுப் பாறைக்குப் போய் நிற்பாள். ஊருக்கு வரும் பேப்பர்களையெல்லாம் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது அவள்தான். மேலே படிக்கவில்லையா என்றேன். மழைக்காலத்தில் ஜீப் வராது, பதினொன்றாம் வகுப்புக்குக் கீழே போகவேண்டும், நின்றுவிட்டேன் என்றாள். இப்போதும் அப்படி நிற்கிற பெண்கள் ஊரில் இருக்கிறார்கள். தன் மகளும் இன்னும் இரண்டு வருஷத்தில் பத்தாவது முடிப்பாள் என்றாள்.

நான் தலையாட்டிக்கொண்டே, "நீங்க நல்லாத்தான் இருக்கீங்கன்னு எழுதறேன் அக்கா" என்றேன்.

வெள்ளச்சி நிமிர்ந்தாள். "அப்படியும் எழுதாதீங்க. அதுவும் பொய்தானே? பஸ் இல்லன்னு எழுதுங்க. பொண்ணுங்க நிக்குதுன்னு எழுதுங்க. களி இல்லன்னு இன்னாத்துக்கு எழுதறீங்க?"

அடுத்த மூன்று மணி நேரத்தில் புதிதாக ஐந்து பக்கம் எழுதினேன். என் கடைத் தமிழ் ஒவ்வொரு வரியிலும் குறுக்கே வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் பிடித்துத் தள்ளினேன். முதல் குறிப்பில் நான் எழுதிய மூன்று வரிகளையும், வாசலில் அவற்றைத் தாண்டிப் படித்ததையும் அப்படியே சேர்த்தேன். தாளெல்லாம் புளிக் கறை. ஜீப் வருமுன் வாசலில் நின்று முழுவதும் படித்தேன். வெள்ளச்சியின் விரல் வரிக்கு வரி கூடவே வந்தது. இரண்டு இடத்தில் நிறுத்தினாள். ஒரு ஊர்ப் பெயர் தப்பு. மாட்டின் நிறம் தப்பு. திருத்தினேன். கடைசி வரி முடிந்ததும் சுவரோரம் இருந்தவர், "இதுல களி இருக்குது" என்றார்.

தங்கராசு ஹாரன் அடித்தார். வெள்ளச்சி படிவத்தைப் பொறுமையாகப் படித்து, பேனாவை வாங்கி என்னவோ எழுதி, மடித்து என் பைக்குள் வைத்தாள். "போய்ட்டு வாங்க" என்றாள். நான் நன்றி சொன்னதை அவள் கேட்டாளா என்று தெரியாது, புளிக்குத் திரும்பிவிட்டாள்.

ஜீப் இறக்கத்தில் திரும்பும்போது படிவத்தைப் பிரித்தேன். 'இவர் எங்களுடன் தங்கி எங்கள் வாழ்க்கையைப் புரிந்துகொண்டார் எனச் சான்றளிக்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. 'புரிந்துகொண்டார்' என்ற சொல்லை அவள் ஒரு கோடு போட்டு அடித்திருந்தாள். கீழே அழகான கையெழுத்தில், 'மூணு நாள் கேக்காம எழுதினாங்க. நாலாம் நாள் கேட்டு எழுதினாங்க' என்று எழுதி, பெயர் போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தாள்.

அடித்தல் திருத்தல் உள்ள படிவம் திருப்பி அனுப்பப்படும் என்று எங்கள் கடைச் சுவரில் ஒட்டிவைத்ததே நான்தான். பையில் எழுதாத படிவம் இன்னொன்று இருந்தது. எந்தப் படிவத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் கூடுதலாக எடுப்பது என் தொழில் பழக்கம். தங்கராசு என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார்.

"அவ்வளவுதானா? புதுசு குடுங்க டீச்சர், நான் போடறேன். நானும் இந்த ஊருதானே."

கை பைக்குள் போய்விட்டது. வெறும் படிவம் விரலில் தட்டுப்பட்டது. கொஞ்ச தூரம் அப்படியே போனோம். பிறகு கையை வெளியே எடுத்து, "வேணாங்க" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை ஓட்டினார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா ஐந்து பக்கத்தையும் படித்தார். புளிக் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்து, பக்கத்தில் இருந்தவருக்கும் காட்டினார்.

"சான்று குடுத்தவங்க 'புரிந்துகொண்டார்'ங்கறத அடிச்சிருக்காங்களே?"

"ஆமாங்க."

"வேற நல்ல படிவம் இருக்கா உங்ககிட்ட?"

"வெறும் படிவம் ஒண்ணு பையில இருக்குங்க. ஆனா இதுதாங்க என் சான்று."

"அப்ப நீங்க அவங்களைப் புரிஞ்சுக்கலைன்னு ஒத்துக்கறீங்களா?"

படிவத்தில் வெள்ளச்சி போட்ட கோட்டைப் பார்த்தேன்.

"இன்னும் புரியலைங்க. அதுக்குத்தான் படிக்க வர்றேன்."

அந்த அம்மா படிவத்தை என் கோப்பில் செருகி, ஓரத்தில் எதையோ எழுதினார். தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்க்கும் வசதி எனக்கு இல்லை. மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து, "ஜூலை முதல் வாரம் வகுப்பு. வந்துடுங்க" என்றார்.